மாமா சொன்னபடி காய்ச்சிய பீர்

புதுச்சேரிக்குத் தெற்கே, ஆற்றை ஒட்டி, சின்னாண்டிப்பாக்கம் என்று ஓர் ஊர். அங்கே இன்னாசி, ராயப்பன், சவரிமுத்து என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூன்று பேரும் ரொம்ப நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல இடம் கிடைக்காமல் போகலாம்.

அவர்களிடம் ஒரு குணம் உண்டு. சொன்னதைச் செய்வார்கள். அது காதில் எப்படி விழுந்ததோ அப்படியே செய்வார்கள், அதற்கு மேல் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டார்கள்.

பல வருஷத்துக்கு முன்னால், சித்தப்பா மகள் கல்யாணத்தில் யாரோ போகிற போக்கில், "தம்பிங்களா, வாசலைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மூவரும் வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசலைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்பின் தெரியாத இரண்டு பேர் சமையலுக்கு வைத்திருந்த கேஸ் சிலிண்டர்களை அந்த வாசல் வழியாகவே உருட்டிக்கொண்டு போனார்கள். சித்தப்பா வந்து தலையில் அடித்துக்கொண்டபோது இன்னாசி, "வாசலுக்கு ஒண்ணும் ஆகலை சித்தப்பா, நீங்களே பாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் அவர்களுக்கு வேலை கொடுப்பதில்லை. போனதும் முதல் பந்தியில் உட்கார வைத்து, வயிறு நிறையப் போட்டு, வெற்றிலை பாக்குடன் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மரியாதை மாதிரி இருக்கும். மூன்று பேருக்கும் அது என்னவென்று தெரியும். மற்ற ஆண்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியும் கரண்டியுமாக ஓடும்போது, சவரிமுத்து சாப்பிட்ட இலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

இந்த மூவருக்கும் ஓர் அக்கா, பிலோமினா. அவருடைய கணவர் அமலோர் பிரெஞ்சு ராணுவத்தில் சேவை முடித்து பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். பிரான்சில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரரிடம் வீட்டிலேயே பீர் காய்ச்சக் கற்றுக்கொண்டார். வரும்போது ஒரு பெரிய இண்டக்ஷன் அடுப்பும், ஒரு ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவுக்கு ஒரு ஸ்டீல் பானையும் கொண்டுவந்திருந்தார். இதற்கெல்லாம் அனுமதி வேண்டாமா என்று கேட்பீர்கள். அதைத் தான் பார்த்துக்கொண்டதாக அமலோர் சொன்னார். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

அமலோரின் மகள் எஸ்தெலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ரேயூனியன் என்கிற பிரெஞ்சுத் தீவில் இருந்து வருகிறார்கள். சம்பந்தியிடம் அமலோர் போனில், "உங்களுக்குக் கடை பீர் கிடையாது. என் கையால காய்ச்சின பீர்தான்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். பார்லி வந்து இறங்கியது. அதைத் தூக்கி உள்ளே வைக்கக் குனிந்த அமலோர் அப்படியே நிமிரவில்லை. இடுப்பில் பிடித்துக்கொண்டது. புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்து நாளைக்கு மல்லாந்து படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

"பீர் ஊற ரெண்டு வாரம் வேணும். இன்னிக்குக் காய்ச்சலைன்னா கல்யாணத்துக்கு ஆகாது" என்றார் அமலோர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"வீட்டுல என் தம்பிங்க மட்டும்தான் இருக்கானுங்க" என்றார் பிலோமினா. அதில் எச்சரிக்கை இருந்தது.

"சொன்னதைச் செய்வானுங்க இல்ல?"

"செய்வானுங்க. அதாங்க பயமா இருக்கு."

அமலோருக்கு வேறு வழியில்லை. போனை வாங்கினார்.

செய்தி கேட்டதும் மூவரும் குளித்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, அக்கா வீட்டுச் சமையலறையில் வரிசையாக நின்றார்கள். கல்யாண வேலை. அவர்களை நம்பிக் கொடுத்த வேலை. இன்னாசி போனை ஸ்பீக்கரில் போட்டு, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார்.

"முதல்ல ஒண்ணு கேட்டுக்க, இன்னாசி" என்றார் அமலோர். "அது சாதாரண அடுப்பு இல்லை. அதுக்குத் தனி லைன் வேணும். எலக்ட்ரீஷியன் இழுத்துட்டேன்னான். இழுத்திருக்கானா, எர்த் ஒழுங்கா இருக்கான்னு பாத்துட்டு, பாத்திரத்துல தண்ணி ஊத்தி அடுப்பைப் போடு. பெரிய பாத்திரமா, அடி தட்டையா, காந்தம் ஒட்டுறதா இருக்கணும். நர்ஸ் வராங்க. வெச்சிடறேன்."

மூவரும் அடுப்பைச் சுற்றிப் பார்த்தார்கள். மேடையில் ஒரு கோடும் இல்லை.

"அந்த ஆளு இழுக்கவே இல்லை" என்றான் ராயப்பன். "மாமாவை ஏமாத்திட்டான்."

சாக்பீஸ் எடுத்துவந்து, கதவில் இருந்து அடுப்பு வரைக்கும் நேராக ஒரு லைன் இழுத்தார்கள். தனி லைனாக இருக்க வேண்டும் என்பதற்காக வேறு எதுவும் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

"எர்த்துன்னா மண்ணு" என்றான் எட்டாவது வரை படித்த சவரிமுத்து. ஆற்றோரக் கொல்லையில் இருந்து ஒரு கூடை வண்டல் மண் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் கொட்டினார்கள். இன்னாசி ஒரு பிடி அள்ளி விரலில் தேய்த்துப் பார்த்து, "ஒழுங்கா இருக்கு" என்றார்.

எலக்ட்ரீஷியன் உண்மையில் நல்ல மனிதர். எல்லாவற்றையும் முந்தின நாளே சுவருக்குள் சரியாகச் செய்துவிட்டுப் போயிருந்தார். அதனால்தான் இந்தக் கதை தொடர்கிறது.

அடுத்து பாத்திரம். அமலோர் கொண்டுவந்த பானை அட்டைப்பெட்டியில் மூலையில் இருந்தது. பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை என்பதால் அவர்கள் திறக்கவில்லை. கோயிலில் பொங்கல் வைக்கிற அலுமினிய அண்டாவைக் கேட்டு வாங்கிவந்தார்கள். பெரியது, அடி தட்டை. ஆனால் காந்தத்தை வைத்தால் ஒட்டாமல் விழுந்தது.

"ஒட்டணும்னு மாமா சொன்னாரே" என்றான் சவரிமுத்து கவலையோடு.

"ஒட்டணும்னா ஒட்டிடுவோம்" என்றார் இன்னாசி. பைப் ஓட்டைக்குப் பூசுகிற பசையைப் பிசைந்து, அண்டாவின் அடியில் காந்தத்தை வைத்து ஒட்டினார்கள். காய்ந்த பிறகு மூன்று பேரும் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. அந்தக் காந்தம் இன்றைக்கும் கோயில் அண்டாவின் அடியில்தான் இருக்கிறது.

தண்ணீர் ஊற்றி, அண்டாவை அடுப்பில் வைத்து, பட்டனைத் தட்டினார்கள். அடுப்பு பீப் பீப் என்றது. கண்ணாடியில் சிவப்பாக இரண்டு எழுத்து வந்தது. சவரிமுத்து குனிந்து படித்தான்.

"ஈ. பக்கத்துல ஒண்ணு போட்டிருக்கு."

"ஒரு ஈ" என்றான் ராயப்பன்.

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்லி மூட்டையின் மேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது.

அந்த அடுப்பின் மேல் அவர்களுக்கு அன்றைக்குப் பிறந்த மரியாதை கடைசி வரை குறையவில்லை. துண்டை எடுத்து ஈயை விரட்டினார்கள். அது ஜன்னல் வழியாகப் போனது. அடுப்பு இன்னும் ஒரு ஈ என்றே காட்டியது. தேடினால் பாத்திர அலமாரியில் இன்னொன்று. அதையும் விரட்டினார்கள். இன்னும் ஒன்று என்றது அடுப்பு. மதியம் வரை இப்படியே போனது. ஜன்னலை மூடி, கதவை மூடி, ஓட்டைகளில் துணி அடைத்து, வியர்வையில் நனைந்து நின்றபோது கண்ணுக்கு எட்டிய வரை ஈ இல்லை. அடுப்பு மட்டும் விடாமல் காட்டியது.

"அடுப்பு பொய் சொல்லாது" என்றான் ராயப்பன். "ஈ அடுப்புக்குள்ளயே இருக்கு. பிரான்சுல இருந்தே வந்திருக்கும்."

"அப்படின்னா தமிழ்ல விரட்டினா போகாதே" என்றான் சவரிமுத்து.

இன்னாசி போன் போட்டார். "மாமா, ஈ போக மாட்டேங்குது."

"எந்த ஈ?"

"அடுப்பு காட்டுற ஈ. ஒண்ணு."

"காந்தம் ஒட்டுற பாத்திரமா வெச்சீங்க?"

"முதல்ல ஒட்டலை மாமா. பசை போட்டதும் நல்லா ஒட்டிக்கிச்சு."

பக்கத்தில் பிலோமினா எதையோ கேட்பதும், அமலோர் "ஒண்ணுமில்லை" என்பதும் கேட்டது. பிறகு அவர் மெதுவாக, "மூலையில ஒரு பெட்டி இருக்கு பாரு. அதைத் திற. உள்ளே இருக்கிற பானையை எடு. பெட்டி வேணாம், பானையை மட்டும் அடுப்புல வை" என்றார். மனிதர் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தார்.

பானையை வைத்ததும் ஈ மறைந்தது. தண்ணீர் சுட்டது. மாமா சொன்னபடி துணிப்பையில் கட்டிய பார்லியை ஊற வைத்து, சாறு இறங்கியதும் பையை எடுத்தார்கள். இதுவரைக்கும் எதுவும் தவறவில்லை. வாசனை தெருவரைக்கும் போனது. இனிமேல் கொதிக்க வைக்க வேண்டும்.

"கவனமாக் கேளு" என்றார் அமலோர் போனில். "பானை பெருசு, அடுப்போட வட்டம் சின்னது. அதனால நடுவுல மட்டும்தான் சூடு ஏறும். விட்டா அங்கே அடிபிடிச்சுக் காந்திடும். காந்தாம கிளறிக்கிட்டே இருக்கணும். கொதி வந்ததும் கசப்புப் பூவைப் போடு. பாக்கெட்ல இருக்கு. பொங்கி வந்தா பதறாதீங்க, பட்டனை அமுக்குங்க. கண்ணும் கருத்துமா இருக்கணும், புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மாமா" என்றார்கள் மூவரும்.

போனை வைத்ததும் ராயப்பன், "ஒரு சந்தேகம்ணே" என்றான். "காலையில காந்தம் ஒட்டணும்னாரு. இப்ப காந்தக் கூடாதுங்கிறாரு."

இன்னாசி யோசித்தார். "ஒட்டுற வரைக்கும் காந்தம் வேணும். அப்புறம் இருந்தா கெடுதல். மருந்து மாதிரி."

"அப்ப அந்தக் காந்தம் வீட்டுக்குள்ள இருக்கக் கூடாதே."

உடனே அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடி, அதைக் கோயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தான் சவரிமுத்து. திரும்பி வந்தபோது வேலையைப் பிரித்து முடித்திருந்தார்கள். இன்னாசி கிளறுவது. சவரிமுத்து கண். ராயப்பன் கருத்து.

சவரிமுத்து பானைக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து இமைக்காமல் பார்த்தான். ஆவி பட்டுக் கண்ணில் நீர் கொட்டியது. துடைத்தால் கண்ணை எடுத்த மாதிரி ஆகுமே என்று துடைக்கவில்லை. ராயப்பன் அவனுக்குப் பக்கத்தில் நின்று கருத்துச் சொல்ல ஆரம்பித்தான்.

"தேங்காய் எண்ணெய் முன்னே மாதிரி இல்லைங்கிறது என் கருத்து" என்றான். "மனுசன் மதியம் தூங்கக் கூடாது. புது பஸ் ஸ்டாண்டை அங்கே கட்டியிருக்க வேணாம். நண்டுக்குப் பூண்டு அதிகம் போட்டாத்தான் நல்லது."

"பீர் பத்தி ஏதாவது சொல்லுடா" என்றார் இன்னாசி, கிளறுகிற துடுப்பை இழுத்துக்கொண்டே.

"பீர் பத்தி எனக்குக் கருத்து இல்லைண்ணே."

கொதி வந்தது. கசப்புப் பூ பாக்கெட்டைப் பிரித்தார்கள். உள்ளே பூ இல்லை. பச்சை நிறத்தில், ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டைகள் இருந்தன. பீருக்குக் கசப்பு தருகிற ஒரு கொடியின் பூவை அரைத்து அப்படித்தான் உருட்டி விற்பார்கள். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மூவரும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள். ரொம்ப வருத்தமாக இருந்தது.

"மாமா வெளிநாட்டுல யாரையும் நம்பிடுவாரு" என்றார் இன்னாசி. "ஆட்டுத் தீனியைக் கொடுத்துப் பூன்னு சொல்லி அனுப்பியிருக்கானுங்க. இதை அவர்கிட்ட சொல்ல வேணாம். உடம்பு சரியில்லாத நேரம்."

ஆட்டுத் தீனி கொல்லையில் கட்டியிருந்த ஆட்டுக்குப் போனது. அது ருசித்துத் தின்றுவிட்டு மறுநாள் மதியம் வரை தூங்கியது. ஆனால் மாமா கசப்புப் பூ என்று சொன்னது சொன்னதுதான். அக்காவின் அலமாரியில் ரசத்துக்கு வறுத்துப் போடுகிற வேப்பம்பூ ஒரு டப்பா நிறைய இருந்தது. அதைவிடக் கசப்பான பூ உலகத்தில் உண்டா? டப்பாவைத் தட்டிக் கவிழ்த்தார்கள்.

பூ விழுந்ததும் நுரை கிளம்பியது. விளிம்பைத் தாண்டி மேலே எழுந்தது.

"பொங்குது" என்றான் கண்.

"பதறக் கூடாது" என்றார் இன்னாசி. மூவரும் பதறவில்லை. இன்னாசி தன் சட்டையில் மேல் பட்டனை அமுக்கினார். சவரிமுத்து பானையில் இருந்து பார்வையை எடுக்காமல் தன் பட்டனைத் தடவிப் பிடித்து அமுக்கினான். நுரை இறங்கவில்லை. ராயப்பன் வெக்கையில் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் துண்டோடு நின்றிருந்தான்.

"உன் பட்டன் எங்கேடா?"

"கொடியில காயுது."

"ஓடு."

ராயப்பன் ஓடிப்போய் ஈரச் சட்டையை மாட்டி, பட்டனைப் போட்டு, அமுக்கிய அதே நொடியில், வழிந்த நுரை அடுப்பெல்லாம் பரவி, அடுப்பு தானாகவே அணைந்தது. நுரை மெல்ல இறங்கியது.

"என் பட்டன்தான் வேலை செஞ்சுது" என்றான் அவன், அடக்கமாக. பிறகு துடைத்து, மறுபடி போட்டு, கொதிக்க வேண்டிய நேரம் முழுதும் ராயப்பனை அந்தச் சட்டையோடேயே நிற்க வைத்தார்கள்.

சாயங்காலம் அமலோரே கூப்பிட்டார். குரல் களைத்திருந்தது.

"கொதிச்சுதா? சரி. அடுப்பை அணைச்சு, மூடியைப் போட்டு, ஆற விடுங்க. ஆறினதும் எடுத்து உள்ளே வெச்சு ஈஸ்ட் போடணும். ஆறாம போட்டா அது செத்துடும். அது உயிருள்ளது, ஞாபகம் வெச்சுக்க."

இதுதான் அன்றைக்கு நடந்த பெரிய விவாதம்.

"ஆறு" என்றார் இன்னாசி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. "ஆறு மணிக்குன்னு சொல்றாரா?"

"மணின்னு சொல்லலைண்ணே" என்றான் ராயப்பன். "ஆத்துலன்னு சொல்றாரு. ஆத்துல விடுங்கன்னாரு. நம்ம ஆறு பக்கத்துலதானே ஓடுது."

"ஆறு பேர் வேணும்னும் இருக்கலாம்" என்றான் சவரிமுத்து. "பானை கனம். நாம மூணு பேர்தான்."

தப்பாகிவிட்டால் ஓர் உயிர் போய்விடும் என்று மாமா சொல்லியிருந்தார். கடைசியில் இன்னாசி தீர்ப்புச் சொன்னார்.

"மாமா ஒரு வார்த்தை சொன்னா அதுல பல அர்த்தம் இருக்கும். படிச்சவரு. ஆறு மணிக்கு, ஆறு பேர், ஆத்துல விடுவோம். எதுவும் விட்டுப்போகாது."

பால்காரர், ஆட்டோ டிரைவர், கோயில் உபதேசியார் மூவரையும் கையைக் காலைப் பிடித்து அழைத்துவந்தார்கள். பானையின் கைப்பிடிகளில் கயிறு கட்டி, மூங்கிலில் கோத்து, ஆறு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். தெருவில் ஏதோ சப்பரம் போகிறது என்று நினைத்து ஒரு கிழவர் எழுந்து நின்று கும்பிட்டார். கோயில் மணி ஆறு அடிக்கும்போது பானை தண்ணீரில் இறங்கியது. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் நிறைந்திருந்ததால் அது அழகாக மிதந்தது.

"விடு" என்றார் இன்னாசி.

விட்டார்கள்.

பானை ஒரு சுற்றுச் சுற்றி, ஓட்டத்தில் சேர்ந்து, கிழக்கே கிளம்பியது. சாயங்கால வெயில் மூடியில் பட்டு மின்னியது. அண்ணன் தம்பிகள் நிறைவோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"திரும்ப எப்படி வரும்?" என்று கேட்டார் பால்காரர்.

அதை யாரும் யோசிக்கவில்லை. இன்னாசி போனை எடுத்தார். "மாமா, ஆத்துல விட்டாச்சு. இப்ப என்ன செய்யணும்?"

ஆஸ்பத்திரி இரைச்சலில் அமலோருக்கு 'ஆற விட்டாச்சு' என்றே கேட்டது. "நல்லா ஆறினதும் எடுத்து உள்ளே வையுங்க. தொலைச்சிடாதீங்க, என் மானமே அதுலதான் இருக்கு" என்றார்.

மாமாவின் மானம் அப்போது தென்னந்தோப்பைத் தாண்டி வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

மூவரும் ஓடினார்கள். கரையோரம், முள்ளில் மிதித்து, வேலியில் கிழித்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் தூக்கிவிட்டு ஓடினார்கள். சவரிமுத்து ஓடிக்கொண்டே அழுதான். "இனிமே சாவுக்குக்கூட நம்மளை வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கண்ணே" என்றான். இன்னாசிக்கும் அதே பயம்தான்.

தடுப்பணைக்கு முன்னால் நாணல் புதரில் பானை சிக்கி நின்றது. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, ஒரு கையால் பானையின் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களதா?" என்றார்.

"எங்க மாமாவோடது" என்றான் ராயப்பன், மூச்சு வாங்க.

"இதை ஏன் ஆத்துல விட்டீங்க?"

"ஆறணும்னு."

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு கை கொடுத்துக் கரையேற்றினார். தொட்டுப் பார்த்தார்கள். ஓடுகிற தண்ணீரில் அது ஒரே சீராக, குளிர்ந்து போயிருந்தது. பீர் காய்ச்சுகிறவர்கள் இந்த மாதிரி சீக்கிரம் ஆற வைக்கத்தான் பெரிய பெரிய கருவிகள் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று பின்னால் அமலோர் என்னிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் ஊற்றினார்கள். "ஈஸ்ட் தூங்கிட்டிருக்கும், வெதுவெதுப்பான தண்ணியில போட்டு எழுப்பு" என்று சொல்லியிருந்தார் அமலோர். கிண்ணத்தில் போட்டு மூவரும் குனிந்து, தூங்குகிற குழந்தையை எழுப்புகிற குரலில், "எந்திரிங்க, நேரமாச்சு" என்றார்கள். மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே எத்தனை பேர் என்று தெரியாதல்லவா. கால் மணி நேரத்தில் மேலே நுரை வந்தது. சவரிமுத்துவுக்குப் புல்லரித்துப் போனது.

"இருட்டு ரூம்ல வெச்சிடுங்க. தொந்தரவு பண்ணாதீங்க" என்பதுதான் கடைசி உத்தரவு. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. தும்மல் வந்தால் தெருமுனைக்கு ஓடிப்போய்த் தும்மினார்கள். கீரை விற்கிற பெண்ணிடம் சவரிமுத்து விரலை உதட்டில் வைத்து, "உள்ளே வேலை நடக்குது" என்று கிசுகிசுத்தான். அவளும் கீரை கீரை என்று கிசுகிசுத்துக்கொண்டே போனாள். இரண்டாவது வாரத்தில் தெரு முழுக்கக் கிசுகிசுப்பாகத்தான் சண்டை போட்டார்கள்.

அமலோர் கைத்தடியோடு வீடு திரும்பினார். யாரிடமும் பேசாமல் நேரே இருட்டறைக்குப் போய், பீப்பாயின் குழாயைத் திருகி, அரை டம்ளர் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தேன் நிறம். மோந்தார். ஒரு வாய் குடித்தார். அண்ணன் தம்பிகள் சுவரோரம் நின்றிருந்தார்கள். பிலோமினா கண்ணை மூடிக்கொண்டார்.

அமலோர் இன்னொரு வாய் குடித்தார்.

"இந்தக் கசப்பு எங்கே இருந்து வந்துச்சு?" என்றார். "என் வாழ்நாள்ல நான் இப்படி ஒண்ணு காய்ச்சினதில்லை. ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்கடா."

அதுவரைக்கும் யாரும் அவர்களிடம் அப்படிச் சொன்னதில்லை. ராயப்பனிடம் அதற்கும் ஒரு கருத்து இல்லை. சவரிமுத்து வெளியே போய்க் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

கல்யாணத்தன்று கோயிலில் பூசை முடிந்தது. போட்டோ எடுக்க அமலோரையும் பிலோமினாவையும் நிறுத்திக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அமலோர் மச்சான்களைக் கூப்பிட்டார். இந்த முறை அவர் முகத்தில் கவலை இல்லை. அதுதான் தப்பாகப் போனது.

"நீங்க முன்னாடி போங்க. சம்பந்தி வீட்டுக்காரங்க நம்ம வீட்டுல முதல்முதலா கை நனைக்கிறது இந்த பீர்லதான் இருக்கணும். எனக்காகக் காத்திருக்க வேணாம். ஒருத்தரையும் விட்டுடாதீங்க."

"சரி மாமா" என்றார் இன்னாசி.

சம்பந்தியின் பெயர் மாரிமுத்து. அவர் சொல்லும்போது மரிமுத்தூ என்று கேட்கும். அவருடைய முன்னோர்கள் கப்பலேறிப் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. தமிழ் நாலைந்து வார்த்தைதான் வரும். ஆனால் நம் பழக்கவழக்கம் ஒவ்வொன்றையும் தெரிந்துகொண்டு ஊருக்குப் போக வேண்டும் என்று தவித்தார். வந்த நாளில் இருந்து வாழையிலையை எந்தப் பக்கம் போடுவது என்பதைக்கூட வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

பந்தலில் அண்ணன் தம்பிகள் ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளத்தை வைத்து, பீப்பாயை அதற்கு மேலே ஏற்றியிருந்தார்கள்.

"ஒரு கையா, ரெண்டு கையா?" என்று கேட்டான் சவரிமுத்து, மெல்லிய குரலில்.

"கைன்னுதான் சொன்னாரு" என்றார் இன்னாசி. "ஆனா ஒண்ணை நனைச்சு ஒண்ணை விட்டா ஒருத்தரையும் விட்டுடாதீங்கன்னு சொன்னதுக்கு என்ன அர்த்தம்? ரெண்டும்தான்."

"எதுவரைக்கும்ணே?"

இன்னாசி இதையும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தார். "சம்பந்திக்கு முழங்கை வரைக்கும். மத்தவங்களுக்கு மணிக்கட்டு போதும்."

மரிமுத்தூ வந்தார். ராயப்பன் அவருடைய கோட்டை வாங்கிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டான். இன்னாசி குழாயைத் திறந்தார். தேன் நிறத்தில், நுரையோடு, குளுகுளுவென்று பீர் அவருடைய இரண்டு கைகளிலும் முழங்கை வரை வழிந்தது. மரிமுத்தூ ஒரு நிமிஷம் திகைத்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணோரம் ஈரமானது. தன் மனைவியிடம் திரும்பி பிரெஞ்சில் என்னவோ சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் அதை மொழிபெயர்த்தார்கள். "இதைத்தான் நம்ம ஆளுங்க கப்பல்ல மறந்து போயிருக்காங்க" என்றாராம்.

அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி வளையல்களைக் கழற்றிக்கொண்டு நின்றார். அதற்குப் பின்னால் மாப்பிள்ளையின் அத்தைகள், மாமன்கள், பட்டுப்புடவையும் கோட்டுமாக ஒரு வரிசை. யாரும் பேசவில்லை. அவ்வளவு பக்தி. கடைசியில் வந்த பாதிரியாரும் தனக்குத் தெரியாத ஏதோ பிரெஞ்சு வழக்கம் என்று நினைத்து, அங்கியைச் சுருட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

அமலோர் கைத்தடியை ஊன்றி வந்து சேர்ந்தபோது பந்தல் முழுக்க விருந்தாளிகள் ஈரக் கைகளை முன்னால் நீட்டி, காய வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். தாம்பாளம் நிரம்பி வழிந்து தரை நனைந்திருந்தது. பீப்பாயை ஆட்டிப் பார்த்தார். சத்தமே வரவில்லை.

"எல்லாரும் கை நனைச்சாச்சு மாமா" என்றார் இன்னாசி. "ஒருத்தரும் பாக்கி இல்லை."

"ஒருத்தர்கூடக் குடிக்கலையா?" என்றார் அமலோர்.

ராயப்பன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தான்.

"மாப்பிள்ளையோட சித்தப்பா ஒருத்தர் மட்டும் விரலை வாய்க்கிட்ட கொண்டுபோனாரு மாமா. நல்லவேளை நான் பாத்துட்டேன். உடனே கூட்டிட்டுப் போய் சோப்புப் போட்டு நல்லாக் கழுவிவிட்டுட்டோம்."